அக்பர் பாஷாவின் மூன்றாம் மணியோசை

1947-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பத்தாம் நாள், திங்கட்கிழமை. காலையில் பனி மூடியிருந்தது. நண்பகல் வெயிலோ இதமாயிருந்தது. பிற்பகலில் கடற்காற்று மயிலாப்பூர் மாட வீதிகளை வருடிச் சென்றது. இத்தகைய இனிய நாளிலும், அபயம் நோய்க்காப்புக் கம்பெனியின் டெலிபோன் குமாஸ்தாவாகிய ஸ்ரீரங்கனின் நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாய் அரும்பி நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. அன்று மாலை ஐந்தரை மணிக்கு அவன் தியாகராய நகருக்குப் பெண் பார்க்கச் செல்லவேண்டும். முன்னர் இருமுறை நாள் குறித்தும், இருமுறையும் டெலிபோன் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டது. மூன்றாம் முறையும் வாராவிடில் வேறு வரன் தேடுவதாகப் பெண்ணின் தந்தை சொல்லியனுப்பியிருந்தார். அப்பெண் விஜயலக்ஷ்மியை அவன் லஸ் முனையில் நடந்த ஏலமொன்றில், தந்தையின் அருகே நிற்கக் கண்டவன். அன்றுதொட்டு அவனுக்கு உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

டெலிபோனில் பேச்சு முடியாமல் குமாஸ்தா நாற்காலியை விட்டு எழலாகாது என்பது மானேஜர் சுவாமிநாதையர் வகுத்த விதி. கம்பெனிக்கு டெலிபோன் புதிது. ஆகவே பில்லைக் கையில் ஏந்தி நேரில் வருவோரையும், வெளியே போய் டெலிபோனில் கூப்பிடுமாறு அவர் திருப்பியனுப்புவார்.

அன்று காலை அவ்வாறு திருப்பப்பட்ட ஜைதூன் பீ, பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரி ரோட்டில் பீர் முஹம்மதின் மருந்துக் கடையிலிருந்து கூப்பிட்டாள். அவள் கணவர், ஏலம் விடும் அக்பர் பாஷாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்கான பில்லைக் கம்பெனி ஏற்கவேண்டும். ஆனால் நோயாளியே டெலிபோனில் வந்து, “இந்தப் பில் என்னுடையதே” என்று தம் வாயால் மொழிந்தாலன்றி ஏற்பதற்கில்லை என்பது இரண்டாம் விதி.

“அவுரு தோ பக்கத்துலதான் குந்திக்கினு கீறாரு சாமி. வாயத் தொறந்தா தையல் பிரிஞ்சிடும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. பிரிஞ்சா அதுக்கு வேற ஒரு பில்லு வரும். அதையும் நீங்கதான் குடுக்கணும், பாத்துக்கோங்க.”

இந்த வாதம் ஸ்ரீரங்கனுக்கு நியாயமாகவே பட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அம்மி நகரலாம், மானேஜர் நகரவில்லை. கம்பியிலோ ஒரே இரைச்சல். மானேஜர் சொன்னதை அங்கும், அவள் சொன்னதை இங்கும் ஸ்ரீரங்கன் உரக்கக் கூவிக் கூவி, தொண்டை கட்டிக்கொண்டது. நோயாளி இருமிக் காட்டலாகாதா என்று கேட்டான். டாக்டர் அதையும் தடுத்திருந்தார். சீட்டியும் ஆகாது. கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது.

அப்போதுதான் அவனுக்கு லஸ் முனையில் பாஷா விட்ட அந்த ஏலம் நினைவுக்கு வந்தது. ஏலத்தில் அடிக்கும் கைமணி பாஷாவிடம் இருக்கிறதா என்று வினவினான்.

“அது இல்லாம அவுரு எங்க போவாரு? ஆபரேஷனுக்கே எத்துக்கினு போனவராச்சே.”

அக்பர் பாஷாவின் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் வாக்கு மாறலாம். மூன்றாம் மணி ஒலித்தபின் எவரும் வாய் திறக்கலாகாது. சென்ற ஆண்டு அங்கே காதைச் சொறியக் கையைத் தூக்கிய சுவாமிநாதையர், மூன்று கால் அலமாரி ஒன்றுக்கு உடையவரானார். அஃது இன்றும் அவர் முதுகுக்குப் பின்னால், செங்கல்லை நான்காங் காலாகக் கொண்டு நிற்கிறது.

பதிலை மணியால் சொல்லச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கன் நீட்டிய டெலிபோனை மானேஜர் வாங்கி, பில் உம்முடையதா என்று மிடுக்குடன் கேட்டார். மறுமுனையில் மணி ஒருமுறை ஒலித்தது. சற்றே நிதானித்து மறுமுறை ஒலித்தது. மறுப்புக் கூற அவர் வாயெடுப்பதற்குள் மூன்றாம் முறையும் ஒலித்துவிட்டது. அவர் திரும்பி அலமாரியை நோக்கினார்.

“மூணு அடிச்சாச்சு. இனிமே நான் எதைச் சொல்லி என்ன? பாஸ் பண்ணிடு,” என்றார்.

இதற்குள், மணியோசை கேட்டுத் தெருவில் போனோர் யாவரும் மருந்துக் கடையில் கூடிவிட்டிருந்தனர். பீர் முஹம்மது அமர்ந்திருந்த நாற்காலியை அவரோடு சேர்த்து யாரோ ஏலத்தில் எடுத்துவிட்டதாகத் தெரிந்தது. அவர் புலம்பல் கம்பி வழியே தெளிவாகக் கேட்டது. அவ்வழக்கு கம்பெனியைச் சார்ந்ததன்று எனத் துணிந்து, ஸ்ரீரங்கன் டெலிபோனை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

தியாகராய நகர் வீட்டில் அவன் கால் வைத்தபோது ஐந்தரை ஆகச் சில நிமிடங்களே இருந்தன. விஜயலக்ஷ்மி காபி கொணர்ந்து வைத்தாள். அவள் தந்தை நேரே விஷயத்துக்கு வந்தார்.

“பொண்ணப் பிடிச்சிருக்கா? மனசுல பட்டதைச் சொல்லிடுங்கோ.”

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தான், காற்றே வந்தது. இருந்த குரலனைத்தையும் டெலிபோன் தின்றுவிட்டிருந்தது. தந்தையின் புருவம் மெல்ல மெல்ல மேலேறியது.

“வாயே திறக்கக் காணோமே. இதுக்கா மூணு தரம் நாள் பார்த்து, ஆத்துல சொஜ்ஜி பண்ணிண்டு காத்திருந்தோம்?”

வேறு வழியறியாத ஸ்ரீரங்கன் டம்ளரை எடுத்து, டவராவின் விளிம்பில் ஒருமுறை தட்டினான். பின்னும் ஒருமுறை தட்டினான். மூன்றாம் முறை தட்டுகையில் காபி அவன் வேட்டியில் பாதி, தந்தையின் வேட்டியில் பாதியாகச் சிந்தியது.

கதவோரம் நின்ற விஜயலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மூணு அடிச்சுட்டாரேப்பா. பாஷா ஏலத்துல இதுக்கப்புறம் யாரும் பேசப்படாது.”

தந்தை குனிந்து தம் நாற்காலியை நோக்கினார். சாயவே சாயாத அந்தச் சாய்வு நாற்காலியும் பாஷாவின் ஏலத்தில் வந்ததுதான். அவர் தம் வேட்டியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பித் தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னபோது, மாலை மணி சரியாக ஐந்து நாற்பத்தொன்பது.