கடல் தொட்டியில் ஒட்டிய சிவப்பு அட்டை

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, என் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் சிவப்பு அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ‘தேவையற்ற பொருள். அடுத்த ஞாயிறன்று அகற்றப்படும்’ என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பவளங்கள் உயிரோடு இருந்தன. தொட்டிக்கு உரியவனான என்னை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுவே என் முறையீடு.

ஒட்டியவர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. மண்ணூரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் வில்சன், ஒரகடத்து உதிரிபாக ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பயனற்றதாகத் தோன்றும் கருவிக்கோ பெட்டிக்கோ சிவப்பு அட்டை ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் எவரும் வந்து காரணம் சொல்லாவிட்டால் அது பழைய இரும்போடு போய்ச் சேரும். இரும்புக்கு அந்த வழக்கம் பொருந்தும். வில்சன் அதைக் குடியிருப்புக்கும் கொண்டுவந்துவிட்டார்.

தொட்டி கீழ்த்தள வரவேற்புக் கூடத்தில் இருப்பதற்குக் காரணம் அதன் எடை. நான் வசிப்பது மகள் கிளாராவின் வீட்டில், நான்காம் மாடியில். அவ்வளவு நீரை அங்கே ஏற்ற வேண்டாம் என்று பொறியாளர் தடுத்ததால், குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலோடு கீழே வைத்தேன். உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, பொறுமையோடு காத்திருந்து, அதன்பிறகே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையிட்ட கோமாளி மீன்கள் இரண்டை விட்டேன். பின்னர்ப் பவளங்களை வைத்தேன்.

புதிய கடல் தொட்டி முதலில் பழுப்பேறும், பிறகு பச்சையேறும். பாறைகளில் நுண்ணுயிர்கள் குடியேறிக் கழிவைத் தின்னும்வரை அங்கே பாசியின் ஆட்சிதான். இது நோயன்று, பருவம். ஆனால் என் தொட்டியில் பருவம் கடந்தும் பாசி அடங்கவில்லை. பாறைகளில் பச்சை இழைகள் தலைமயிர்போல் வளர்ந்து, பவளங்களையும் மூடத் தொடங்கியிருந்தன. அதை நான் மறைக்கவில்லை.

“வில்சன், இத ஒட்டினது நீங்கதானே?”

“ஆமா சார். இன்னா பண்றது? வூடு பாக்க வர்றவங்க லாபியிலயே மூக்கப் பொத்திக்கினு போறாங்க. குட்ட மாதிரி கீது.”

“உயிருள்ளதுக்கு அட்டை ஒட்டலாமா?”

“அப்ப பிளீச்சிங் போட்டுக் கழுவிடுங்க. ஒரே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்.”

“ஆகும். உள்ள ஒரு உயிர் மிஞ்சாது.”

“இல்லன்னா ஞாயித்துக்கெழம ட்ராலி வரும் சார். கோச்சிக்காதீங்க.”

“கோவிச்சுக்கத்தான் போறேன். ட்ராலி வரட்டும். நானும் இங்கதான் நிப்பேன்.”

அட்டையை அப்போதே கிழித்திருப்பேன். கிழித்தால் பாசி போய்விடாது என்பதால் விட்டேன். விளக்கு எரியும் நேரத்தை முன்பே குறைத்திருந்தேன். சுத்திகரித்த நீரில் உப்புக் கரைத்து மாற்றியிருந்தேன். பாசி தின்னும் நத்தைகளை விட்டிருந்தேன். இழைகளைக் கையால் பிடுங்கியும் பார்த்துவிட்டேன். பிடுங்கிய இடத்தில் அது மீண்டும் முளைத்தது.

கிளாராதான் சொன்னாள்: “அப்பா, நீங்க ஒரு வேளை போடுற தீனிக்கு இவ்வளவு பச்சை வராது. வேற யாரோ போடுறாங்க.”

மறுநாள் கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். காலையில் நான் வழக்கமான தீனியைப் போட்டு முடித்திருந்தேன். இரவு ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கினான் கொம்பையா. கீழ்த்தள அறையை நண்பர்களோடு வாடகைக்கு எடுத்திருக்கும் தென்காசிப் பக்கத்து இளைஞன். நேரே வந்தான், தொட்டி விளக்கைப் போட்டான், பக்கத்திலிருந்த தீனி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை தூவினான், மீன்களுக்குக் கையசைத்துவிட்டு உறங்கப் போனான். மாலையில் காலை ஷிப்டுப் பேருந்து வந்தது. எதிர் அறையில் தங்கியிருக்கும் இசக்கிசெல்வியும் அவளுடைய தோழியும் இறங்கி வந்து, அதே விளக்கைப் போட்டு, அதே டப்பாவைத் திறந்தார்கள்.

“ஏம்மா, காலையிலயே கொம்பையா போட்டாச்சே?”

“எங்களுக்கு எப்படி சார் தெரியும்? நாங்க வரும்போது பசியோடதான கண்ணாடிகிட்ட ஓடி வருது!”

“மீன் எப்பவும் அப்படித்தான் வரும்.”

“வேலைக்குப் போயிட்டு வந்தா எங்க ரூம்ல வேற யாரு சார் ஓடி வாரா?”

“ஒன் மூஞ்சிக்கு மீனாவது வருதேன்னு சந்தோசப்படுட்டி” என்றாள் தோழி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆலையில், எது முடிந்தது, எது பாக்கி என்று அடுத்த ஷிப்டுக்குச் சொல்லாமல் இவர்கள் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். தொட்டிக்கு மட்டும் அப்படிச் சொல்வார் இல்லை. ஷிப்டுதோறும் தீனி, ஷிப்டுதோறும் விளக்கு. மிஞ்சிய தீனி அழுகியது. பாசி ஓவர்டைம் பார்த்தது.

எல்லோரையும் அழைத்தேன். அவர்கள் கண்முன்னே சிவப்பு அட்டையைத் தொட்டியிலிருந்து உரித்து, தீனி டப்பாவின்மீது ஒட்டினேன். “தேவையற்ற பொருள் இதுதான்” என்றேன். ஞாயிறுவரை தீனி கிடையாது. அதன்பின் வாரத்துக்கு ஒரு ஷிப்டின் முறை; அந்த ஷிப்டு நாளுக்கு ஒரு வேளை மட்டும் போடும். மற்றவர்கள் பார்க்கலாம், போடக்கூடாது என்று தீர்மானித்தோம். வியாழக்கிழமை விளக்கை அணைத்துத் தொட்டியைக் கறுப்புப் போர்வையால் மூடினேன்.

கொம்பையா பதறிப்போனான். “சார், செத்துப் போச்சா? துணியப் போட்டு மூடிட்டியளே!”

“சாகல. பாசிக்குச் சோறும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. அதுக்குத்தான்.”

“பவளமும் இருட்டுலயே கெடக்குமே சார்?”

“ரெண்டு மூணு நாள் அது தாங்கும். பாசி தாங்காது.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் வில்சன் ட்ராலியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். இரவு ஷிப்டிலிருந்து வந்த கொம்பையா உறங்கப் போகாமல் என் வலப்பக்கம் நின்றான். இசக்கிசெல்வி போர்வையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

தொட்டி சுத்தமாகிவிடவில்லை. பச்சை இழைகள் வெளுத்துத் தொய்ந்திருந்தன; பாறைகளில் திட்டுத்திட்டாகப் பாசி இருந்தது.

“இன்னும் பச்ச கீதே சார்” என்றார் வில்சன்.

“அண்ணாச்சி, ஒங்க கம்பெனில புது லைன் போட்டா மொத மாசமே ரிஜெக்ட் இல்லாம ஓடுமா?” என்றாள் இசக்கிசெல்வி.

“அது எப்டிம்மா ஓடும்? செட் ஆவ டைம் வேணும்ல?”

“அப்ப லைனக் கழட்டி ஸ்கிராப்புக்குப் போட்டுருவியளோ?”

ட்ராலி பிடித்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். வில்சன் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். விளக்கொளி பட்டதும், பாசி விலகிய ஓரத்தில் ஒரு பவளம் மெல்ல விரியத் தொடங்கியிருந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

“சரி சார். கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் தர்றேன்.”

“எந்தக் கெடுவுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன் வில்சன். பாசி திரும்ப வரும். வந்தா திரும்பப் போர்த்துவேன். தொட்டி இங்கதான் இருக்கும்.”

அவர் ஆட்களுக்குக் கைகாட்டினார். ட்ராலி வெறுமையாகத் திரும்பிச் சென்றது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்; கெஞ்சவில்லை. உயிருள்ள எதன்மீதாவது அட்டை ஒட்ட நீங்கள் கை நீட்டினால், அதை அழுக்காக்கிய தீனியை யார் யார் போட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அவர்களுள் நீங்களும் ஒருவரா என்று பாருங்கள். அதுவரை அந்த அட்டை உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். மண்ணூருக்கு வந்தால் என் தொட்டியைப் பாருங்கள், டப்பாவைத் தொடாதீர்கள்.