இடது கால் செருப்பு

அக்காவின் கணவரான மாமாவுக்கு இடப்பக்கம் புருவம் கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய காரின் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபோது அது குப்பென்று பற்றிப் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. பிறகு முளைக்கவே இல்லை. அவர் பெட்ரோல் வண்டி மெக்கானிக். வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. அந்த மனிதர்தான் அக்கா கொண்டுவந்து நிறுத்திய மின்சாரக் காரைப் பார்த்து, “இது தீப்பிடிக்கும்” என்றார்.

“புருவம் இருக்கிறவங்க யாராவது சொல்லட்டும், கேட்டுக்கறேன்” என்றாள் அக்கா.

அக்கா நர்ஸ். நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றும் வேலைக்காக ஒரு கிளினிக் அந்தக் காரைப் பழகிக்கொள்ளக் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டுநர் உரிமம் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

நான்கு வருடத்தில் நான்கு முறை தேர்வில் தோற்றவள் அவள். நான்கு முறையும் ஒரே இடம். மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். கிளட்சை விடுவாள், எஞ்சின் அணைந்துவிடும், வண்டி பின்னால் உருளும். மூன்றாம் முறை ‘மெதுவாகச் செல்லவும்’ பலகையையே சாய்த்துவிட்டு வந்தாள்.

மின்சாரக் காரில் கிளட்ச் இல்லை. அணைவதற்கு எஞ்சினும் இல்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

வேலையை விட்டுவிட்டுச் சும்மா கிடந்தவன் நான் ஒருவன்தான். உரிமமும் இருந்தது. அதனால் பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாள் தெருமுனையில் “நிறுத்து” என்றேன். சீட் பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. கிளட்சையே மிதித்துப் பழகிய இடது கால், பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து முழு பலத்தோடு அமுக்கியிருந்தது.

“நான் மிதிக்கலடா. அதுவா போகுது.”

“கால் உன்னோடதுதானே?”

“வலது கால் என்னோடது. இடது யாரோடதுன்னு தெரியல.”

புதன்வரை இதே கதை. பின்னால் வந்து முட்டப் பார்த்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் இறங்கி வந்து எங்கள் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிட்டுப் போனார்.

மாமா கிட்டேயே வரவில்லை. கார் சார்ஜ் ஏறும்போது மட்டும் மணல் வாளியோடு வாசலில் காவல் இருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளி மூடியில்லாத பெட்ரோல் கேன்.

“ஏங்க, வாளியை அதுகிட்ட வைங்க” என்று அக்கா கேனைக் காட்டினாள்.

மாமா கேனைப் பார்த்தார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். “இதோட குணம் எனக்குத் தெரியும். அதோட குணம் தெரியாது. அவ்வளவுதான்.”

வியாழன் மாலை அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். மாமா வாளியைக் கீழே வைத்தார். வந்து கதவைத் திறந்து, எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிந்து, முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி அவள் கால்களையே பார்த்தார். பிறகு இடது கால் செருப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

“செருப்பு இருந்தா காலு வேலைக்கு வந்துட்டதா நினைக்குது. வெறுங்காலா இருந்தா வீட்டுல இருக்கோம்னு நினைச்சுக்கும். பின்னாடி மடக்கி வை.”

“இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“கிளட்ச் இல்லாத எத்தனை ஆட்டோமேட்டிக் வண்டி பம்பர் போய் என்கிட்ட வந்திருக்கு! எல்லாம் இந்த இடது கால் பண்ணின வேலை.”

அவரே பக்கத்தில் உட்கார்ந்தார், ஒரு கை கதவின் பிடியில். நான் பின்சீட்டுக்கு மாறினேன். முதல் சுற்றில் கார் பூப்போல நின்றது. மூன்றாம் சுற்றில் கையை உயர்த்தினார்.

“என்னங்க, தீயா?”

“உஷ்! முன் சக்கரத்துல ஒரு சத்தம். பிரேக் பக்கம் ஒரு போல்ட் தளர்ந்திருக்கு.”

இறங்கிப் பார்த்தால் உண்மைதான். முறுக்கிவிட்டு எழுந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “எஞ்சின் சத்தத்துல இதெல்லாம் காதுல விழுந்ததே இல்ல மாப்ள! இந்த வண்டிங்க வந்தா எனக்கு வேலை போகும்னு எவன் சொன்னான்?”

சொன்னது அவர்தான். மூன்று வருடமாக.

வெள்ளிக்கிழமை. உரிமத் தேர்வில் அதே ஆய்வாளர். “மறுபடியும் நீங்களா?” என்று பலகை நிற்கும் திசையைப் பார்த்தார். “ஸ்டார்ட் பண்ணுங்கம்மா.”

“பண்ணியாச்சு சார்.”

“எப்போ?”

மேட்டில் கார் நின்றது. கிளம்பியது. பின்னால் ஓர் அங்குலம் உருளவில்லை. ஆய்வாளர் மட்டும் பழக்கதோஷத்தில் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஏம்மா ஒத்தச் செருப்பு?”

“இன்னொண்ணு எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு சார்.”

தேர்வு மைதானத்தின் வாசலில் மாமா நின்றிருந்தார். ஒரு கையில் மணல் வாளி, ஒரு கையில் செருப்பு. உரிமத் தாளை ஆட்டிக்கொண்டு அக்கா ஜல்லியில் நொண்டி நொண்டி ஓடிவந்தாள்.

“போட்டுக்கோடி, மானம் போகுது” என்று செருப்பைக் கீழே போட்டார். அவள் போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலோடே எங்களை வீட்டுக்கு ஓட்டிவந்தாள்.

இறங்கியதும் மாமா வாளியை நேராகக் கொண்டுபோய்ப் பெட்ரோல் கேன் பக்கத்தில் வைத்தார். அக்கா நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள்.