வெலாபி எழுந்த நாள்

டோர்ன்ஹூக் ரயில் நிலையத்தில், வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று எழுதிய பெஞ்சின் ஓரத்தில், செத்துப்போன வெலாபி இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். ஓசியில் ஒன்றும் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டோர்ன்ஹூக் வரைக்கும் அவருக்கென்று தனியாக மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்திருந்தது. எடுத்தவள் அவர் பெண்டாட்டி மாசுங்கு. தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து அவர் செத்தபோது உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். உடல் எங்கே கிடந்தாலும் உயிர் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது எங்கள் ஜூலு ஜனங்களின் வழக்கம். இலந்தைக் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு செத்த இடத்துக்குப் போய், குலப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெலாபியின் குலப்பெயர் நியம்போசே. கிளையில் ஏறிக்கொண்டவருக்கு டிக்கெட் எடுத்து, பக்கத்தில் இடம் போட்டு அழைத்து வர வேண்டும். வழியெல்லாம் கிளையோடு பேசலாம். வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் இறங்கிவிடுவார்.

மாசுங்கு அத்தனை தூரமும் ஒழுங்காகத்தான் வந்தாள். ஆறு வந்தால், "ஆத்தத் தாண்டுறோம் நியம்போசே, பயப்படாதீங்க" என்று கிளைக்குச் சொன்னாள். உயிரோடு இருந்தபோதே அவருக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். டோர்ன்ஹூக்கில் இறங்கியதும் போலீஸ்காரன் ஒருவன் பாஸ் புத்தகம் கேட்டான். நீட்டினாள். கறுத்தவர்கள் அது இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியாத காலம். கூடவே இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டான். இன்னொன்று யாருக்கு என்று கேட்டான். அவள் பேசவில்லை. தடியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டான். "எங்க வீட்டுக்காரருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் கிளை லேசாகிவிட்டது. வெலாபி இறங்கினார், பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டு அவர் கண்ணில் படவில்லையா, பட்டும்தான் உட்கார்ந்தாரா என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி.

அவர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் பெஞ்சு அந்தப் பக்கம் அமுங்கியிருந்தது, மூக்குப்பொடி வாசம் அடித்தது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் உட்காருவார்கள், பக்கத்தில் யாரோ இருமுவது கேட்டு எழுந்துகொள்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ப்ரிட்ஸ் அந்தப் பெஞ்சுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தார். எல்லா இடமும் காயும், வெலாபி உட்கார்ந்த இடம் மட்டும் காயாது. தூக்கி வேறு இடத்தில் போடலாம் என்று ஆள் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. கைது செய்ய வந்த போலீசார் விலங்கு மாட்ட மணிக்கட்டைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். வெலாபியும் கூடவே ஆமென் சொன்னதாகப் பேச்சு. கடைசியில் ப்ரிட்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்கு இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அவர் மனைவி இறந்த பிறகு சாயங்காலங்களில் அவரே வெலாபிக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

மாசுங்குவுக்குத்தான் பாவம், தூக்கம் போயிற்று. வீட்டின் பின்சுவர் ஓரம், முன்னோர்கள் இருக்கும் இடம், காலியாகக் கிடந்தது. நல்லது கெட்டதை அங்கேதான் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது? ஒவ்வொரு குளிர்காலமும் புதுக் கிளையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அவரும் நல்ல பிள்ளையாக எழுந்து ஏறிக்கொள்வார். வீட்டுக்கு முக்கால் மணி நடை. அதற்குள் யாராவது அவளை எதையாவது கேட்டுவிடுவார்கள். எங்கே போகிறாய், யார் வீட்டில் வேலை, இந்தத் தெருவில் உனக்கு என்ன ஜோலி. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னால் கிளை லேசாகிவிடும், அவர் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். ராணுவ வண்டி ஒன்று நின்று பெயர் என்ன என்று கேட்டது. அன்றைக்கு அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பாஸ் புத்தகத்தை ஒழித்தார்கள், பெஞ்சில் இருந்த போர்டையும் கழற்றினார்கள். கேட்கிற பழக்கத்தை மட்டும் ஒருத்தரும் ஒழிக்கவில்லை.

இதற்குள் மகள் கெத்திவே வளர்ந்து நர்ஸ் ஆகிவிட்டாள். மாப்பிள்ளையும் அமைந்துவிட்டான். அப்பாவிடம் சொல்லாமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று வருஷம் பொறுத்தார்கள். தேர்தலுக்கு முந்தைய மாதம் அவனுடைய பெரியப்பா வந்து, மே மாதம் வரைக்கும்தான் பார்ப்போம், அதற்கு மேல் எங்களால் ஆகாது என்று தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். கெத்திவே அம்மா முகத்தைப் பார்க்காமல் டீக் கோப்பைகளைக் கழுவினாள்.

அந்த ஏப்ரலில் முதல் தடவையாகக் கறுத்தவர்கள் உட்பட எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ஊரே வரிசையில் நிற்கும், போலீஸுக்கும் அங்கேதான் வேலை, தெருவில் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்று மாசுங்கு கணக்குப் போட்டாள். முதலில் அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும், பிறகு வந்து ஓட்டுப் போட வேண்டும். விடிந்ததும் கிளையோடு போய், "எந்திரிங்க நியம்போசே, இன்னைக்கு ஓட்டு" என்றாள். எப்போதும் ஏறுவதைவிட அன்றைக்குச் சுருக்காக ஏறினார்.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அதைத் தாண்டி ஆற்றுப்பாலத்துக்கு வந்தபோது கிளை நின்றுவிட்டது. இழுத்தாள், வரவில்லை. இலந்தை முள்ளில் ஒன்று நேராக இருக்கும், ஒன்று கொக்கிபோல வளைந்திருக்கும். கொக்கி முள் வரிசையின் வாலில் நின்ற ஒருவருடைய கோட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. வரிசையோ பள்ளிக்கூட வாசலிலிருந்து அதுவரைக்கும் நீண்டு கிடந்தது. "உங்களுக்கு நேரம் காலமே தெரியாதா?" என்று கிளையிடம் அவள் கெஞ்சினாள். பிறகு வேறு வழியில்லாமல் நின்றாள். இருபது வருஷம் தெருவில் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்ள விடாத ஊரில், பகல் முழுக்க ஊருக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் ஜனங்களைச் சும்மா சொல்லக் கூடாது. கிளையைப் பார்த்ததும் விஷயம் வரிசை முழுக்கப் போய்விட்டது. அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்கள். வரிசை நகர நகர அந்த இடமும் நகர்ந்தது. வெயில் ஏறியபோது ஒருவன் குடையை அந்த வெறும் இடத்துக்கு மேல் பிடித்தான். சோளம் விற்றவள் மாசுங்குவிடம் வேண்டுமா என்று கேட்காமலே ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். வாய் ஓயாத பக்கத்து வீட்டுக்காரிகூட அன்றைக்குத் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் மேஜைக்கு வந்தார்கள். டர்பனிலிருந்து வந்திருந்த சின்னப் பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு என்னம்மா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். பெயரைச் சொல்லாவிட்டால் ஓட்டு போய்விடுமோ, சொன்னால் அவர் போய்விடுவார். அப்போது பக்கத்து மேஜையிலிருந்து கையில் பார்வையாளர் பட்டை கட்டிய கிழவர் எழுந்து வந்தார். ப்ரிட்ஸ். கிளையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதே" என்றார் அந்தப் பெண்ணிடம். "நாங்க நிறையக் கேட்டுட்டோம். பேருதான் அட்டையிலேயே இருக்கே."

அந்தப் பெண் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏற்கெனவே ஓட்டுப் போட்ட கையா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத மையை ஒளிரவைத்துக் காட்டுகிற விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். மாசுங்குவின் கை சுத்தமாக இருந்தது. மையைத் தடவிச் சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனாள், கொஞ்சம் அதிக நேரம்தான் இருந்தாள். வெளியே வந்தபோது விளக்கடியில் கிளையின் நுனி இலை ஒன்று ஊதாவாக மின்னியது. அந்த இலைக்கு யாரும் மை தடவவில்லை. அந்தப் பெண் ப்ரிட்ஸைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது போலீஸ் வண்டி ஒன்று எதிரே வந்தது, ஒதுங்கிப் போனது. மாசுங்குவை வழியில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பின்சுவர் ஓரத்தில் கிளையை வைத்துவிட்டு, "வீடு வந்தாச்சு நியம்போசே" என்றாள். பிறகு இருபது வருஷத்துக் கதையையும் ஒரு மூச்சில் சொன்னாள், மகள் கல்யாணத்தையும் சொன்னாள், பெஞ்சில் குந்தியிருந்ததற்குத் திட்டவும் செய்தாள். கெத்திவே சோள பீரை ஊற்றி வைத்தாள். காலையில் பானை காலியாக இருந்தது.

கல்யாணம் மே மாதமே நடந்தது. பெஞ்சை இப்போது ஒரு ஆளே தூக்கிவிடலாம், ப்ரிட்ஸ் அதைக் கேட்டு வாங்கித் தன் வீட்டு முற்றத்தில் போட்டுக்கொண்டார். வெலாபி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், மழைக்காலத்தில் கொஞ்சம் இருமுவார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று மாசுங்கு கேட்காத நாளில்லை. அதை மட்டும் அவர் சொல்வதில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்று இப்போது சட்டம் இல்லை.