பொருள்: பெயர் மாற்றம் தொடர்பாக

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினாறு வருடமாக கிளார்க் வேலை பார்க்கிறேன். டி.சி. வாங்க வருகிற பெற்றோரிடம், ஜெராக்ஸ் எங்கே, ஒரிஜினல் எங்கே என்று கடுகடுப்பதில் எனக்குப் பெயரே உண்டு. ஜொவிட்டா மேடம் சீட்டில் இருந்தால் நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் என் கணவர் அகஸ்டின் போன மார்ச்சில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோதும், அழுகை ஒரு பக்கம் இருக்க, காகித வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இறப்புச் சான்றிதழை இருபது காப்பி எடுத்தேன். கேஸ், கரண்ட், ரேஷன் கார்டு, பங்குக் கோயிலின் குடும்ப அட்டை, எல்லாவற்றிலும் பெயர் மாற்றினேன். வீட்டில் ஆள் போய்விட்டால் செய்ய வேண்டிய காரியம் அது. செய்யாமல் விட்டால் பின்னால் நாய் படாத பாடு படவேண்டும்.

நவம்பரில் அகஸ்டினின் மெயிலுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அவர் வழக்கமாக கேம் வாங்கும் கம்பெனி அனுப்பியது. பலூன் படம் வேறு. செத்த மனுஷனுக்கு பலூனா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பொருள்: பெயர் மாற்றம் தொடர்பாக. மேற்படி கணக்கின் உரிமையாளர் காலமாகிவிட்டபடியால் அதை மனைவி பெயருக்கு மாற்றித் தரவும். இணைப்பு: இறப்புச் சான்றிதழ். அனுப்பியதும், விட்டுப்போன ஒன்றையும் முடித்துவிட்ட திருப்தியில் காபி போட்டுக் குடித்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். கணக்கு அதன் உரிமையாளருக்கு மட்டுமே சொந்தமானது, இன்னொருவருக்கு மாற்ற இயலாது. உரிமையாளர் இறந்துவிட்டபடியால் பதினான்கு நாளில் மூடப்படும். அதில் வாங்கிய கேம்கள் எதுவும் அதன்பின் திறக்காது.

அந்தக் கணக்கில்தான் அவர் கட்டிய வீடு இருந்தது.

அது தீவில் வீடு கட்டுகிற ஒரு கேம். அகஸ்டினும் எங்கள் மகள் லிசாவும் சேர்ந்து மூன்று வருடமாகக் கட்டினார்கள். யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர் தன் குரலிலேயே பதிந்துவைக்கலாம். அவர் பதிந்திருந்தது இது: "யாரு, லிசாவா? வாடி ராஜாத்தி, கதவு தொறந்துதான் கீது."

அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து லிசா யாரிடமும் பேசவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை, இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் பொறுத்திருங்கள் என்றார். மே மாதம் ஒரு நாள் அவளாகவே அந்தக் கேமைப் போட்டுக் கதவைத் தட்டினாள். குரல் வந்தது. "நான்தான்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அன்றிலிருந்துதான் என்னிடமும் பேசத் தொடங்கினாள். பள்ளிவிட்டு இருவரும் வீடு வந்ததும் நாலரைக்கு முதல் காரியம் அதுதான். அது மூடினால் இவள் வாயும் மூடிவிடும்.

குரலை மட்டுமாவது காப்பாற்றலாம் என்று போனில் பதிந்து போட்டுக் காட்டினேன். "இது போன். நான் தட்டவே இல்லியே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

கம்பெனிக்கு நாலு மெயில் அனுப்பினேன். நாலுக்கும் அதே அனுதாபம் வந்தது. அதற்குமேல் பொறுக்காமல் திருவல்லிக்கேணிக்கு ஓடினேன். அங்கே மெஹபூப் பாஷா பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கிறார். அகஸ்டின் தன்னிடமிருந்த டிஸ்க்குகளை எல்லாம் அவரிடம்தான் தள்ளிவிட்டார். எல்லாம் என் நச்சரிப்பால். டிவிக்குக் கீழே குப்பை, தூசி என்று நான் தினம் சண்டை போட்டதில் மனுஷன் டவுன்லோடுக்கு மாறினார்.

இந்தக் கேம் டிஸ்க்காகக் கிடைக்குமா என்று கேட்டேன். போனில் நான் காட்டிய கம்பெனியின் பதிலை பாஷா இரண்டு தடவை படித்தார்.

"டிஸ்க்கா இருந்தா உங்க ஊட்டு சாமான் சிஸ்டர், எவனும் வந்து புடுங்க முடியாது. ஆனா இது டிஸ்க்குலயே வர்ல. நெட்ட கட் பண்ணிடுங்க. நெட்டு இல்லாத வரிக்கும் டிவில மாட்டிகீற கேம் பொட்டிக்கு ஒண்ணும் தெரியாது."

எத்தனை நாள் தாங்கும் என்றதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

வைஃபை பெட்டியைக் கழற்றிப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். லிசாவிடம் ரிப்பேர் என்று சொன்னேன். தினம் நாலரைக்கு அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூடத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். குரல் வருவதற்குள் என் உயிர் போய் உயிர் வரும். பதினான்காம் நாளும் குரல் வந்தது. பதினைந்தாம் நாளும் வந்தது. பதினாறாம் நாள் எனக்குக் கொஞ்சம் தைரியமே வந்துவிட்டது.

பதினேழாம் நாள் தட்டுகிற சத்தமே கேட்கவில்லை.

கூடத்துக்குப் போனேன். டிசம்பர் பிறந்தால் அந்தக் கேமில் வீட்டு வாசலில் மாட்ட கிறிஸ்துமஸ் ஸ்டார் தருவார்கள். அதற்கு நெட் வேண்டும். அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள் பாவம். பேங்க் ஓ.டி.பி. வருமே என்று நான் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவந்த அகஸ்டினின் போனை எடுத்து, அதிலிருந்து நெட் கொடுத்திருந்தாள். டிவியில் வீட்டைக் காணோம். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது. நான் ஸ்விட்சை அணைக்கப் போவதற்குள் அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டாள். கணக்கின் உரிமையாளர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்ததால் இந்தக் கணக்கு மூடப்பட்டது.

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா செத்துட்டாருன்னு இவங்களுக்கு யாரும்மா சொன்னது?"

நான்தான் என்றேன். பேர் மாற்றத்தான் எழுதினேன், எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஏதேதோ உளறினேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது இல்ல?"

அலுவலகத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லி வாயை அடைத்தவள் நான். போய் டிவி ஸ்விட்சை அணைத்தேன்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இன்றோடு ஆறு நாள் ஆகிறது.