முப்பது நிறைந்த பத்திரம்

காலண்டரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வக்கீல் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். “நேத்தோட முப்பது வருஷம் முடிஞ்சுது டீச்சர்.”

ஓய்வுபெற்று எட்டு வருஷமாகியும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். மேஜைமேல் கிடந்த பத்திரத்தை அவள் பார்க்கவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கே என்று நாத்தனார் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம். கீழே நாத்தனாரின் கையெழுத்து. அதைப் போட்டது டீச்சர்.

புருஷன் கெஞ்சினார், போட்டாள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கை, எந்தக் கோழிக்கிறுக்கலையும் அப்படியே எழுதிக் காட்டும். நாத்தனாரின் பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நாலு தடவை பழகி, ஐந்தாவது தடவை பத்திரத்தில் இறக்கிவிட்டாள். சாட்சி போட்ட இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருஷம் புருஷனும். பின்கட்டில் இரண்டே அறையில் இருக்கும் நாத்தனாரைக் கிளப்பிவிட்டு மாடிவீடு கட்ட மகன் துடிக்கிறான். அவளோ, பாதி வீடு என்னுது என்று கேஸ் போட்டுவிட்டாள்.

ஆறு மாதமாக வக்கீல் வாய்தாமேல் வாய்தா வாங்கினார். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை முதுகுப் பிடிப்பு, ஒரு தடவை கேஸ் கட்டே காணோம். ஏன் என்று டீச்சருக்கு இன்றுதான் விளங்கியது.

“முப்பது தாண்டின பத்திரம், இருக்க வேண்டிய இடத்துல இருந்து வந்தா, கையெழுத்தை நாம நிரூபிக்க வேண்டாம். சரியானதுதான்னு கோர்ட்டே எடுத்துக்கலாம். இல்லேங்கிறவங்கதான் காட்டணும். நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். இது இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டு பீரோவுல.”

“அதுல பொய் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன!”

யார் போட்டது என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. கேட்காமலிருப்பதும் தொழிலில் சேர்த்தி போலும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருத்தியைத் தெருவில் நிறுத்திவிடலாம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

கோர்ட் தாழ்வாரத்தில் நாத்தனார் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேஸ் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

“அண்ணி, எங்க வக்கீல் நகலைக் காட்டினாரு. என் கையெழுத்தேதான். கடைசி எழுத்துக்கு வால் இழுப்பேனே, அதுகூட இருக்கு.” குரல் தணிந்தது. “நான் போடலைன்னு அடிச்சுச் சொல்லிட்டிருந்தேன். இப்ப பயமா இருக்கு. அந்த வருஷம்தானே எங்க வீட்டுக்காரர் போனாரு? அண்ணன் எதை எதையோ நீட்டினாரு, நான் பார்க்காமலே போட்டேன். இதையும் போட்டுட்டு மறந்துட்டேனா? எனக்குப் புத்தி பிசகுதா அண்ணி?”

அந்தக் கையெழுத்து பொய் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருப்பது இரண்டே பேர்தான், போட்டவளும் போடாதவளும். அதில் ஒருத்தி இப்போது கழன்றுகொண்டிருந்தாள்.

“நீங்க அப்ப கூடவே இருந்தீங்க. நீங்க சொன்னா நம்பிடுவேன். நான் போட்டேனா?”

உள்ளேயிருந்து டீச்சரின் பெயரைக் கூவினார்கள். மகன் கதவருகே நின்று அவசரமாகக் கையாட்டினான். நாத்தனார் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு டீச்சர் எழுந்தாள்.

கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். நீதிபதி பழுப்பேறிய தாளை மடிப்பில் கிழிந்துவிடாமல் விரித்தார். பழையதைத் தொடும்போது யாருக்கும் வந்துவிடும் ஒரு மரியாதை அவர் விரல்களிலும் இருந்தது.

“இந்தப் பத்திரம் இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?” என்றார் வக்கீல்.

கடைசி பெஞ்சில் நாத்தனார், சரியாகக் கேட்காத காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தான் கேட்டதற்குத்தான் அண்ணி பதில் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.