ஏரிப் பூச்சிகள் வந்த வேளை

வாசலில் நாலைந்து ஹாரன்கள் ஒரே சமயத்தில் அலறின. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். காலையில் வர வேண்டியவர்கள். இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மசாக்கா பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் இதையெல்லாம் யாரும் தாமதம் என்று சொல்வதில்லை.

உள்ளறையில் நபோசாவின் இடுப்புப் பட்டையை அத்தை நகிமேரா இழுத்துக் கட்டினாள்.

"மூச்ச உள்ள இழுடி. கல்யாணம் முடிஞ்சப்புறம் தாராளமா விட்டுக்கலாம்."

நபோசாவின் கண் ஜன்னலில் இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் ஹாரன் சத்தத்துக்கு வாசல் பக்கம் திரும்பின, ஒன்றைத் தவிர. அவளுடைய அப்பா லுபோவா வெள்ளை அங்கிக்கு மேல் கோட்டு போட்டு முதல் நாற்காலியில் இருந்தார். பஸ்ஸின் உறுமல் மண் வழியாகக் காலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குனிந்து தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தே சிரித்தார்.

அவருக்கு எதிரே, கைகள் பளிச்சென்று தெரியும்படி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அகெல்லோ. மாவட்டக் காது கேளாதோர் சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர். வாய் பேசுவதைக் கையால் சொல்வாள், கை சொல்வதை வாயால் பேசுவாள்.

"அப்பா அந்தப் பொண்ண எதுக்குக் கூப்பிட்டாரு அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து சப்பாத்திக் கடைய மூடிட்டு சங்கத்துக்கே போயிட்டு வந்தான். ஏன்டான்னு கேட்டதுக்கு என்னமோ கையாட்டினான். எனக்குத் தெரிஞ்சது சாப்பிடு, வா, போ. அவன் சொன்னது இந்த மூணுல எதுவும் இல்ல."

நபோசாவிடம் அப்பா தெளிவாகவே கையால் சொல்லியிருந்தார். "நாளைக்கு நீ பொண்ணு. பொண்ணு மண்டி போட்டு உக்காரணும், வாயத் திறக்கக் கூடாது. கையிலயும் கூடை இருக்கும். எப்படிப் பேசுவ?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மா போன பிறகு, விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்பாவுக்குக் காதும் வாயும் அவள்தான். அவள் கனவுகளில் சத்தமே கிடையாது. கனவில் சந்தைக்காரி கையால் பேரம் பேசுவாள், பாதிரியார் கையால் பிரசங்கம் செய்வார், கரையில் மேயும் ஆடுகூட முன்னங்காலைத் தூக்கி நலம் விசாரிக்கும். விழித்தால் வாய்களின் உலகம் வந்துவிடும். அந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்துத்தான் அனுப்புவாள். 'இந்த ஊமைக்கு எத்தனை தடவை சொல்றது' என்று மருந்துக்கடைக்காரர் எரிந்து விழுந்தால், அப்பாவிடம் 'கொஞ்சம் பொறுக்கச் சொல்றாரு' என்பாள். அப்பாவின் கையிலிருந்து கிளம்பும் வசவுகள் அவள் வாய்க்கு வரும்போது வணக்கமாக மாறியிருக்கும். அப்பாவுக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது.

மாப்பிள்ளை கயீராவின் சித்தப்பா செபுன்யா முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான். "ஊமை வீட்டுல பொண்ணெடுத்தா ஒரு லாபம், மாமனார் கத்த மாட்டாரு" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று அப்பா கேட்டார். "நம்ம வீடு அமைதியா இருக்குதாம்" என்றாள். அப்பா அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவரு செருப்பு நாறுது, வெளிய விடச் சொல்லு" என்றார். நபோசா திரும்பி, "நீங்க வந்ததுல எங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம் மாமா" என்றாள். செபுன்யா பூரித்துப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

இன்று மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்திருப்பவர் அதே செபுன்யா. வந்த இடத்தில் பெண் வீட்டாரை வம்புக்கிழுத்துச் சிரிக்கவைப்பதுதான் பேச்சாளரின் வேலை. அகெல்லோ எதையும் கழுவ மாட்டாள். அப்படியே எடுத்து வைப்பாள். அப்பா எழுந்து 'பெண் கிடையாது' என்று ஒரு கையசைப்பு காட்டினால் போதும், கயீரா வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அத்தை அவளை வெளியே அழைத்து வந்தாள். நபோசா பாயில் மண்டியிட்டுக் கூடையை ஏந்திக்கொண்டாள். தூரத்தில் ஏரி வெளிறிக் கிடந்தது. அதன் மேல் மெல்லிய புகைத்தூண் ஒன்று எழுந்து, வளைந்து, தூக்கத்தில் நடப்பதுபோல் கரையை நோக்கி நகர்ந்தது. பந்தலில் விளக்குகள் எரிந்தன. வாழையிலையில் வெந்த வாழைக்காய் மத்தோக்கேயின் வாசனை காற்றில் மிதந்தது. எல்லாம் யாருடைய கனவிலோ நடப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

செபுன்யா தொண்டையைக் கனைத்தார்.

"நாங்க ஏன் இந்த வீடா பாத்து வந்தோம்னு கேக்கறாங்க. மத்த வீட்டுக்குப் போனா 'முடியாது'ம்பாங்க, 'அடுத்த வருஷம் வா'ம்பாங்க. இங்க மறுப்புச் சொல்ல வாயே இல்ல பாருங்க."

பந்தல் குலுங்கியது. பெண் வீட்டாரிலும் சிலர் சிரித்துவிட்டார்கள். அகெல்லோவின் கைகள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதை எடுத்துச் சென்று அப்பாவின் கண்முன் வைத்தன.

அப்பாவின் முகம் அசையவில்லை. எழுந்தார். மேசையை ஓங்கித் தட்டினார். சோடா பாட்டில்கள் கிணுகிணுத்தன. இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"எங்க தம்பி பேசப் போறான்" என்று அத்தை முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புகைத்தூண் வந்து சேர்ந்தது. புகையல்ல, பூச்சிக்கூட்டம். விளக்குகளைச் சுற்றி ஏரிப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் கொட்டின.

"லைட்ட அணை, லைட்ட அணை. சாப்பாட்டுல விழுது."

"போனையும் அணைங்கப்பா. வாய்க்குள்ள போகுது."

ஏரிக்கரையில் பூச்சி வந்தால் எல்லோரும் செய்வதுதான். யாரும் யோசிக்கவில்லை. விளக்குகள் அணைந்தன. இருட்டில் பேச்சு நிற்காமல் நடந்தது. யாரோ செபுன்யாவின் வேடிக்கையைத் திரும்பச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

நடுவில் ஒரு மனிதரின் வாயைப் பொத்திவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நபோசாவுக்குத் தெரிந்தது. வெள்ளை அங்கி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேல் இரண்டு கைகள் பாதி வார்த்தையில் நின்றுகொண்டிருக்கும்.

"ஒண்ணுமே தெரியல" என்று அகெல்லோ தவித்தாள்.

இப்படியே விட்டுவிடலாம். விளக்கு வருவதற்குள் பெண் வீட்டுப் பேச்சாளர் வேறு பேச்சைத் தொடங்கிவிடுவார். யாருக்கும் மனக்கசப்பு வராது. கல்யாணம் நடந்துவிடும்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏய், எங்கடி எந்திரிக்கற? பொண்ணு எந்திரிக்கக் கூடாது" என்று அத்தை அவள் உடையின் நுனியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். துணி வழுக்கிக்கொண்டு போனது.

நபோசா இருட்டில் நடந்துபோய் அப்பாவின் கைகளுக்குள் தன் கைகளை வைத்தாள். வீட்டில் கரண்ட் போகும் மாலைகளில் இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், கைக்குள் கை வைத்து. மாவு பிசைந்து காய்த்த விரல்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டன. சொல்ல ஆரம்பித்தன.

சொன்னது சூடாக இருந்தது. வழக்கம்போல் அதற்கு ஒரு குளிர்ந்த வார்த்தை அவள் நாக்கில் தயாராக வந்து நின்றது. அப்பாவின் பிடி இறுகியது. அவள் அதை விழுங்கினாள்.

"எங்கப்பா பேசறாரு" என்றாள். மணப்பெண்ணின் குரல் கேட்டதும் பந்தல் அடங்கியது. பூச்சிகளின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது. "இந்த வீட்டுல மறுப்புச் சொல்ல ஆள் இல்லன்னு சொன்னவரு நல்லா கேட்டுக்கட்டும். ஆள் இருக்கு. என் பொண்ணு. அவ வேணாம்னு சொன்னா நீங்க கொண்டு வந்ததெல்லாம் பஸ்ஸுல ஏறும். அவ சரின்னா, அவளுக்காக மட்டும் உங்கள உக்கார வச்சு சோறு போடுவேன். எனக்காக இல்ல."

பிறகு இருட்டில் செபுன்யாவின் குரல் வந்தது, பாதியாக இளைத்து.

"என் நாக்கு நீளம்மா. வீட்டுலயும் இதத்தான் சொல்லுவாங்க. அவர மன்னிக்கச் சொல்லு. அப்ப உன்னத்தான் கேக்கறோம். சம்மதமா?"

அதை அப்படியே, நீளமான நாக்கோடு சேர்த்து, அப்பாவின் கைக்குள் வைத்தாள். பிறகு வாயால், "சம்மதம்" என்றாள். கூட்டத்தில் எங்கோ கயீரா பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்பாவுக்குக் கேட்கவில்லை, அதையும் அவர் கைக்குள் வைத்தாள்.

அவள் பாய்க்குத் திரும்பக் கையை உருவினாள். அப்பா விடவில்லை. அவருடைய தோள்கள் மெல்லக் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரிக்கிறார். விரல்கள் மறுபடி அவள் உள்ளங்கைக்குள் அசைந்தன.

"அந்தச் செருப்பு விஷயத்தையும் சொல்லிடு. நீ அன்னைக்கு சொல்லவே இல்லன்னு, அவரு சிரிச்சுக்கிட்டே என் கையக் குலுக்கினப்பவே எனக்குத் தெரியும்."