பரங்கி விதை அறைந்த சுவர்

எங்கள் நைனாவுக்கு ரயில்வே பென்ஷன் வர ஆரம்பித்தபோது கூடவே ஒரு பைத்தியமும் வந்து சேர்ந்தது. பெங்களூர் விதைக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் அனுப்புகிற கேட்டலாக் புஸ்தகம்தான் அது. வழவழப்பான தாளில் காலிபிளவரும் பீட்ரூட்டும் நூல்கோலும் கலர் கலராக இருக்கும். திண்டிவனத்து வெயிலில் காலிபிளவர் வராது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நைனா யாரையும் கேட்கமாட்டார். சித்திரையில் கம்பெனிக்கு போஸ்ட் கார்டு போடுவார். அப்புறம் வைகாசி முழுக்கத் தபால்காரரை வழிமறித்து, "நம்ம விதைப் பார்சல் வி.பி.பி.ல வந்துச்சா?" என்று பிராணனை வாங்குவார்.

விதை வந்துவிட்டால் வீட்டில் ஒரு கொட்டாங்குச்சி மிஞ்சாது. அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சலித்த மண்ணையும் மக்கின எருவையும் நிரப்பி, விதையை ஊன்றி, நனைத்த கோணியால் மூடிக் கிணற்றடி நிழலில் வைப்பார். காலையில் காப்பிக்கு முன்னால் கோணியைத் தூக்கிப் பார்ப்பார். முளை கண்டிருந்தால் அன்று முழுக்க யாரையும் திட்டமாட்டார். கடைசியில் காலிபிளவர் இலையாகவே நிற்கும், பீட்ரூட் நெல்லிக்காய் அளவுக்கு வரும். அதையும் பொரியல் செய்து தின்றாக வேண்டும். நான் விழுப்புரம் லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற பாயர்மேன். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு என்பதால் பிழைத்தேன். முழுசாக மாட்டிக்கொண்டவள் என் மனைவி பொன்னி.

நைனாவும் விழுப்புரம் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்தான். வலது கை மோதிர விரலை அங்கே பெட்டிகளை மாட்டுகிற ஒரு கப்ளிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். மிச்ச விரல்களை வைத்துக்கொண்டே அவ்வளவு தோட்டமும் போட்டார்.

பொன்னிக்குப் பிரம்மதேசம். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா வெள்ளையம்மாள் ஒரு மாசி மாதம் இறந்துபோக, வைகாசியில் அவளுடைய மாமன் எனக்குக் கட்டிவைத்தார். வரும்போது டிரங்குப் பெட்டியில் பழைய புடவையைச் சுற்றி ஒரு சாணி வரட்டியைக் கொண்டுவந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் சொன்னாள், அதற்குள் அவள் அம்மாவின் பரங்கி விதை இருக்கிறதாம். விதையைச் சாணியில் பிசைந்து அடுப்பங்கரைச் சுவரில் அறைந்து வைத்தால் பூச்சி அண்டாது, ஆடி வந்ததும் உடைத்து எடுத்து ஊன்றலாம். அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் அடுப்பங்கரையிலும் பச்சைச் சாணி வைத்து அதை ஒட்டினாள்.

புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போவார்கள். பொன்னிக்காக யாரும் வரவில்லை. அவள் வாசலைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாளாம். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்ப் புடவையும் வளையலும் வாங்கிவந்து, "இந்தாம்மா, ஒங்கம்மா வூட்டு ஆடிச் சீரு" என்று கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் மாமனார் மட்டும் இல்லை.

ஆனால் அந்த ஆடியில் அவள் விதையை உடைக்கவில்லை. "இன்னாம்மா, எங்க கம்பெனி விதை முன்னாடி ஒன்னுது நிக்காதுன்னு பயமா?" என்று நைனா சீண்டினார். "அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம் மாமா" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

அடுத்த ஆடியும் வந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம். ஆடி பிறந்ததுமே நல்ல மழை. நான் வாரலீவில் வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், பெரிய பேஜாரு ஆயிப்போச்சுடா."

"இன்னா நைனா?"

"பொன்னிக்கு ஜொரம். நான்தான் கஞ்சி வச்சேன். வெறகெல்லாம் ஈரம். வரட்டியாவது நனையாம இருக்கட்டும்னு அந்தப் பொண்ணு செவுத்தோரம் அடுக்கி வச்சிருந்துச்சு. மேல கெடந்தத எடுத்து அடுப்புல வச்சேன். பட்டு பட்டுன்னு வெடிக்குது. அப்பால நிமுந்து பாக்கறேன், செவுத்துல அந்த விதை வரட்டியக் காணோம். ஈரத்துல கழண்டு அடுக்கு மேல வுழுந்திருக்குடா."

வெறும் கையால் நெருப்பிலிருந்து இழுத்திருக்கிறார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. பாதி கருகின சில விதைகளைக் கொட்டாங்குச்சியில் ஊன்றி, வேளாவேளைக்குக் கோணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருகின விதை எங்கே முளைக்கும்? அது அவருக்குத் தெரியாதா?

"அதுகிட்ட சொல்லிடாதடா. ஜொரம் வுடட்டும். நானே சொல்றேன்" என்றார்.

உள்ளே போனேன். பொன்னி போர்த்திப் படுத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செவுத்தப் பாத்தீங்களா?" என்றாள்.

நான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியுங்க. வெடிக்கற சத்தம் கேட்டுச்சு. விதை போனா போவுது. அந்த வரட்டியில எங்கம்மா கை இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செவுத்துல அறையறப்ப கை பதியும் இல்லீங்களா? அஞ்சு விரலும் அப்பிடியே இருக்கும். அடுப்பு மூட்டும்போது அதும்மேல என் கையை வச்சுப் பாப்பேன். போன ஆடியில ஒடைக்கலாம்னு போனேன், மனசு வல்ல. இந்த ஆடிக்கும் வந்திருக்காது."

எல்லா வரட்டியிலும் கை பதிந்திருக்கும். யார் பார்க்கிறார்கள்? நானும் அந்தச் சுவரை ஒரு வருஷமாகப் பார்த்தவன்தான்.

"மாமாகிட்ட சொல்லாதீங்க. எனக்குக் கஞ்சி வைக்கத்தான எரிச்சாரு. அதுல எங்கம்மா கை இருந்தது வேற தெரிஞ்சா மனுசன் சோறு துன்ன மாட்டாரு" என்றாள்.

ஆக, இரண்டு பேரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் மட்டும் மூச்சு விடவில்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன்.

அதற்குள் நைனா பெங்களூருக்கு அவசர கார்டு எழுதிப் பரங்கி விதை வரவழைத்துவிட்டார். நான் மறுபடி வந்தபோது பொட்டலத்தைக் காட்டினார். அதன் மேல் அண்டா பெரிசுக்கு ஒரு பரங்கிக்காய் படம். "இதக் குடுத்து அந்தப் பொண்ண ஏமாத்தச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பொட்டலத்தைப் பரணில் எறிந்தார். "பென்ஷன் விஷயமா ஒர்த்தரப் பாக்கணும், ஜல்தி வந்துர்றேன்" என்று பொன்னியிடம் பொய் சொல்லிவிட்டுப் பிரம்மதேசம் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அங்கே அவர் எத்தனை வாசல் ஏறினாரோ! கடைசியில் கெங்கம்மாள் என்கிற அம்மாள் அகப்பட்டார். வெள்ளையம்மாளிடம் விதை வாங்கித் தன் வீட்டில் வருஷம் தவறாமல் போட்டுவருகிறவர். நடந்ததைக் கேட்டதும், "விதைய எரிச்ச ஆளுக்கு விதை தரணுமா?" என்று பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். அப்புறம் மோர் கொடுத்து, தன் சுவரிலிருந்து உடைத்து இரண்டு பிடி விதையும் கொடுத்தார். "ஒரு பிடி மண்ணுக்கு, ஒரு பிடி செவுத்துக்கு. அவ எனக்குக் குடுத்ததும் இப்பிடித்தான்" என்றாராம்.

சாயங்காலம் திரும்பிய நைனா நேராகப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். பச்சைச் சாணி என்றால் மூக்கைச் சுளிக்கிற மனுஷன், இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்தார். ஒரு பிடி விதையைப் போட்டுப் பிசைந்து, பழைய வரட்டி இருந்த இடத்திலேயே ஓங்கி அறைந்தார். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த பொன்னி சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் நைனா. கையெல்லாம் சாணி. "ஒங்கம்மா விதைய நான்தான் கொளுத்திட்டேன். ஒங்க ஊருக்குப் போயி அதே விதைய வாங்கியாந்துட்டேன். இந்தா, இது மண்ணுல போட."

"தெரியும் மாமா" என்றாள் பொன்னி. அவர் நீட்டிய விதையை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் பார்வை சுவரிலேயே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். "ஈரம் காயட்டும். யாரும் அதத் தொடாதீங்க" என்றாள்.

மறுநாளே இரண்டு பேருமாகக் கொட்டாங்குச்சிகளில் விதையை ஊன்றினார்கள். முளைத்தது. மார்கழிக் கோலத்துக்குத் தினம் பரங்கிப் பூ கிடைத்தது. பொங்கலன்று அந்தக் காயை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைத்தாள். நைனா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். காலிபிளவர் அந்த வருஷமும் இலையாகத்தான் நின்றது.

அடுத்த ஆடிக்கு நைனா கொட்டாங்குச்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு, "பொன்னி, செவுத்துல இருக்கறத ஒடைச்சு எடுத்தாம்மா" என்றார்.

"பொங்கக் காயில எடுத்த விதை வேற இருக்கு மாமா. அதப் போடலாம். இது இங்கியே இருக்கட்டும்."

"வச்சிக்கினே இருந்தா விதை வீணாப் போவும்மா."

"போவட்டும் மாமா."

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விதையை வீணாக்குகிற பொண்ணா இவள் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அகலமான ஒரு கை, நாலு விரலோடு, அடுப்புப் புகையில் கறுத்துக்கொண்டு இருந்தது.